ஏரிக்கரை விடுதியில் நிலநடுக்கம்: முதல் அதிர்விலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நிலநடுக்கம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் நகரத்து அடுக்குமாடியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மேசைக்கு அடியில் பதுங்குங்கள், அதிர்வு நின்றதும் திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள் என்பார்கள். முதல் பாதி எங்கும் பொருந்தும். இரண்டாம் பாதியை ஏரிக்கரையில் அப்படியே பின்பற்றினால் உயிருக்கே உலை வைத்துவிடும். அங்கே திறந்த வெளி என்றாலே தண்ணீரை ஒட்டிய புல்வெளிதான். "அவசரகாலத்தில் கூடும் இடம்" என்ற பலகையையும் பல விடுதிகளில் அங்கேதான் நட்டு வைத்திருக்கிறார்கள். தீ விபத்துக்கு அது நல்ல இடம், நிலநடுக்கத்துக்கு மிக மோசமான இடம். கரையில் தங்கியிருப்பவருக்கு அதிர்வு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீரும் மலைச்சரிவும் என்ன செய்கின்றன என்பதுதான் பெரிய கேள்வி.

ஆபத்து எங்கிருந்து வருகிறது

1959 ஆகஸ்ட் 17, இரவு 11.37 மணி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெப்கன் ஏரி. கோடை விடுமுறைக் காலமாதலால் ஏரியைச் சுற்றிய விடுதிகளிலும், அதற்குக் கீழே மாடிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் முகாம்களிலும் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய 7.3 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது நிலச்சரிவு. சுமார் 8 கோடி டன் பாறையும் மண்ணும் மலையிலிருந்து பெயர்ந்து, மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தாக்கில் இறங்கின. முன்னால் தள்ளப்பட்ட காற்றே ஆட்களைத் தூக்கி எறிந்தது. ஆறு அடைபட்டதால் அந்த இடத்தில் புதிதாக ஓர் ஏரியே உருவானது.

மேலே ஹெப்கன் ஏரியில் நடந்ததும் நமக்கு முக்கியம். ஏரியின் படுகை மொத்தமாகச் சாய்ந்தது. வடகரை தாழ்ந்ததால் அங்கிருந்த குடில்களுக்குள் தண்ணீர் ஏறியது. எதிர்க்கரை உயர்ந்ததால் படகுத்துறைகள் தண்ணீர் இல்லாமல் வறண்டு நின்றன. ஏரிநீர் பல மணி நேரம் இங்குமங்கும் அலைந்து, அணையின் மேலேயே பல முறை வழிந்தது. அணை விரிசல் கண்டாலும் நின்றுவிட்டது. கரையோர நெடுஞ்சாலையின் துண்டுகள் ஏரிக்குள் சரிந்தன. வடகரையில் ஒரு மீன்பிடி விடுதியை நடத்திவந்த மூதாட்டி, நெருக்கி அடைத்துக்கொண்ட கதவை உதைத்துத் திறந்து, வாசலுக்கு எதிரே பிளந்திருந்த வெடிப்பைத் தாண்டித் தப்பினார். அவருடைய வீடு பிறகு ஏரியில் மிதந்தது.

இந்த ஒரே இரவில் ஏரிக்கரையின் ஆபத்துகள் அனைத்தும் வரிசையாக வந்துவிட்டன: நீரின் ஊசலாட்டம், கரை அமிழ்தல், மலைச்சரிவு, அணைக்கு வரும் நெருக்கடி, சாலை துண்டிப்பு. இதில் நீரின் ஊசலாட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய அண்டாவைத் தூக்கி நடக்கும்போது நீர் ஒரு விளிம்பில் ஏறி மறு விளிம்பில் இறங்குமே, அதேதான். விஞ்ஞானிகள் இதை சேய்ஷ் என்கிறார்கள். ஏரியின் இரு முனைகளிலும் ஒடுங்கிய விரிகுடாக்களிலும் நீர் அதிகம் ஏறும், நடுப்பகுதியில் குறைவாக இருக்கும். 1755-ல் லிஸ்பனை அழித்த நிலநடுக்கத்தின்போது ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரிகூட எழுந்து தாழ்ந்தது.

இதைவிட மோசமானது, ஏரிக்குள் மண் சரிந்து எழும் அலை. சரிவு கரைமேல் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, நீருக்கடியிலேயே நடக்கலாம். 1601 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் ஏரியில் அப்படி எழுந்த அலைகள் 4 மீட்டர் உயரம்வரை போயின. ஏரியிலிருந்து வெளியேறும் ராய்ஸ் ஆறு நகருக்குள் பின்னோக்கி ஓடிப் படுகை தெரியும்படி வற்றியது. அந்த நிலநடுக்கத்தின் அளவு 6-க்கும் சற்றுக் குறைவு என்றே இன்று மதிப்பிடுகிறார்கள். ஆகவே, சின்ன அதிர்வுதானே என்று கரையில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். கடல் சுனாமிக்கு இருப்பதுபோல் எச்சரிக்கை மணி பெரும்பாலான ஏரிகளுக்குக் கிடையாது. அலை வர ஒரு நிமிடம்கூட ஆகாமல் போகலாம். அதிர்வுதான் எச்சரிக்கை.

படி 1: அறைச் சாவி வாங்கியவுடன் பத்து நிமிடம்

பையை வைத்ததும் பால்கனிக்குப் போய் ஏரியைப் படம் எடுப்போம். அதே பால்கனியில் நின்று திரும்பி மலையையும் பாருங்கள்.

செங்குத்தான மலைகளுக்கு நடுவே இருக்கும் ஏரியில் விடுதி கட்டச் சமதளம் அரிது. அப்படி ஒரு சமதளம் இருந்தால், அது பெரும்பாலும் ஓடை ஏரியில் கலக்கும் இடத்தில் விசிறிபோல் விரிந்த மண்மேடாக இருக்கும். அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டியதே பழைய வெள்ளங்களும் சரிவுகளும்தான். வண்டல் தளர்வானது. பலமாகக் குலுங்கினால் நீர் ஊறிய மணல் குழம்பாகிவிடும், மேட்டின் முன்பகுதி ஏரிக்குள் வழுக்கிப் போய்விடும். 1964-ல் அலாஸ்காவை 9.2 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியபோது கீனாய் ஏரியில் ஓடை முகத்து மண்மேடுகள் இப்படித்தான் நீருக்குள் சரிந்து அலைகளை எழுப்பின. விடுதி இத்தகைய மேட்டில் இருந்தால் தங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

மேட்டுக்குப் போகும் வழிகள் இரண்டைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து பதினைந்து இருபது மீட்டராவது உயர வேண்டும், முடிந்தால் அதற்கும் மேலே. ஆனால் எல்லா உயரமும் பாதுகாப்பல்ல. செங்குத்துப் பாறைக்கு நேர் கீழே உள்ள மேடு, ஓடைப் பள்ளம், அடிமரம் வளைந்து வளர்ந்த மரங்கள் நிற்கும் சரிவு, புதிதாக உருண்டு வந்த பெரிய கற்கள் கிடக்கும் இடம் ஆகியவற்றை விலக்குங்கள். இரண்டு ஓடைகளுக்கு நடுவே முதுகுபோல் நீளும் மேட்டு நிலம் கிடைத்தால் அதுதான் சிறந்தது.

அறைக்குள் மூன்று விஷயங்கள் போதும். கட்டிலின் தலைமாட்டில் கனமான படமோ கண்ணாடியோ தொங்கினால் கழற்றித் தரையில் வையுங்கள், அல்லது தலையணையை மறுபக்கம் மாற்றுங்கள். செருப்பை அல்ல, கனமான அடிப்பாகம் கொண்ட ஷூவையும் டார்ச்சையும் ஒரு பையில் போட்டுக் கட்டில் காலோடு கட்டிவிடுங்கள். இரவு நிலநடுக்கத்தில் மிகச் சாதாரணமாக ஏற்படும் காயம், இருட்டில் உடைந்த கண்ணாடியின் மேல் வெறுங்காலோடு நடப்பதுதான். அந்தப் பையிலேயே விசில், மருந்துகள், அடையாள ஆவணங்கள், கொஞ்சம் ரொக்கம், பவர் பேங்க் ஆகியவையும் இருக்கட்டும். பிரிந்துவிட்டால் எந்த மேட்டில் சந்திப்பது என்பதைக் குழந்தைகளிடமும் சொல்லுங்கள். படகுத்துறையில் சந்திப்போம் என்று யாராவது சொன்னால் உடனே மாற்றுங்கள்.

படி 2: குலுங்கும்போது

ஓடாதீர்கள். முழங்காலிட்டுத் தாழுங்கள், கனமான மேசைக்கடியில் தலையையும் கழுத்தையும் மறையுங்கள், மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லாவிட்டால் உள்சுவர் ஓரம், ஜன்னலிலிருந்து விலகி. படுக்கையில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிரேக்கைப் பூட்டிக் குனிந்து தலையை மூட வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தால் 'முக்கோண இடைவெளி' காப்பாற்றும் என்று கைப்பேசியில் ஆண்டுதோறும் சுற்றிவரும் செய்தியை மீட்புத் துறை வல்லுநர்கள் எப்போதோ நிராகரித்துவிட்டார்கள். கதவு நிலைக்கடியில் நிற்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

வெளியே புல்வெளியில் இருந்தால் கட்டடம், விளக்குக் கம்பம், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து விலகித் தரையில் அமருங்கள். நிற்க முடிகிறதென்றால் குலுக்கம் முடிவதற்குக் காத்திராமல் கரையைவிட்டு நகரத் தொடங்கலாம். நீருக்கு மேல் தூண்களில் நிற்கும் குடிலில் இருப்பவரும் நடக்க முடிந்த கணத்திலேயே கரைக்கு வந்து மேலேற வேண்டும்.

படகில் இருப்பவர் நிலை வேறு. ஏரி நடுவே ஆழமான பகுதியில் இருந்தால் கரைக்கு விரையாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டை அணிந்துகொண்டு, செங்குத்து மலைக்கும் ஓடை முகத்துக்கும் எட்டாத தூரத்தில் நடுநீரில் நில்லுங்கள். நீர் பல மணி நேரம் ஏறி இறங்கலாம், படகுத்துறையை நெருங்கும்போதுதான் படகு நொறுங்கும். கரைக்கு மிக அருகில் இருந்தால் மட்டும் படகை விட்டுவிட்டு ஏறுங்கள். படகைக் கட்டி வைக்கிறேன் என்று நேரம் கடத்த வேண்டாம்.

படி 3: அடுத்த ஐந்து நிமிடங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

குலுக்கம் 20 நொடிக்கு மேல் நீடித்தாலோ, நிற்க முடியாத அளவுக்குப் பலமாக இருந்தாலோ, நின்ற மறுகணமே மேட்டுக்குக் கிளம்புங்கள். அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம், ஏரியைப் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். நீர் திடீரெனப் பின்வாங்கிச் சேறு தெரிந்தாலோ, கரைப்பக்கமிருந்து இரைச்சல் கேட்டாலோ, பின்வாங்கிய நீர் திரும்பி வரப்போகிறது என்று பொருள். ஆனால் இந்த அறிகுறிகள் இல்லாமலும் அலை வரும்.

ஷூ, டார்ச், பை, குழந்தை. இவ்வளவுதான். சூட்கேஸ் வேண்டாம், காரும் வேண்டாம். விடுதியின் ஒற்றைச் சாலை பெரும்பாலும் கரையை ஒட்டியே போகும், நடந்து ஏறுவதுதான் வேகம். லிஃப்டைத் தொடாதீர்கள். போகிற வழியில் பக்கத்து அறைக் கதவுகளைத் தட்டிக் குரல் கொடுங்கள். நிலை கோணிக் கதவு இறுகியிருந்தால் ஜன்னல் வழியே வெளியேறச் சொல்லுங்கள். கேஸ் வாடை அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். சிலிண்டர் வால்வையும் மெயின் சுவிட்சையும் மூடுவது ஊழியர் வேலை, அதுவும் அவை போகும் வழியிலேயே இருந்தால் மட்டும்.

மேலே ஏறிவிட்ட பிறகு முதல் அலை சின்னதாக வந்து போனதைப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று கைப்பேசி எடுக்க இறங்குகிறவர்கள் இருப்பார்கள். பிடித்து நிறுத்துங்கள். முதல் அலையே பெரியதாக இருக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை.

இடிபாட்டுக்குள் சிக்கிக்கொண்டவர் வாயையும் மூக்கையும் துணியால் மூடி, குழாயிலோ சுவரிலோ மும்மூன்று முறையாகத் தட்ட வேண்டும். கத்தினால் தூசிதான் உள்ளே போகும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். லைட்டர் கூடாது.

படி 4: மேட்டில் முதல் இரவு

முதலில் ஆட்களை எண்ணுங்கள். விடுதியில் இதுதான் பெரிய சிக்கல்: யாரும் யாருக்கும் தெரியாதவர்கள். பதிவேடு கீழே வரவேற்பறையில் கிடக்கும். ஒருவர் ஒரு காகிதத்தில் பெயர், அறை எண், உடன் வந்தவர்கள், கடைசியாக எங்கே காணப்பட்டார்கள் என்று எழுதத் தொடங்கட்டும். மீட்புக் குழுவுக்கு இந்தக் காகிதம் பொன். எந்த அறையில் தேட வேண்டும், எதில் தேட வேண்டாம் என்பதை அது சொல்லிவிடும்.

அடுத்து காயம். பீறிடும் இரத்தத்தைச் சுத்தமான துணியால் நேரடியாக, விடாமல் அழுத்துங்கள். கழுத்து, முதுகில் அடிபட்டவரை, இருக்கும் இடமே ஆபத்தாக இருந்தாலொழிய அசைக்காதீர்கள். மணிக்கணக்கில் கைகால் நசுங்கிக் கிடந்தவரை அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். அழுத்தம் விலகியவுடன் தசையிலிருந்து கசியும் நச்சுகள் இதயத்தைத் தாக்கக்கூடும், மருத்துவ உதவியோடு விடுவிப்பதே நல்லது. தண்ணீரும் தீயும் நெருங்கினால் மட்டும் விதிவிலக்கு.

நனைந்தவர்களைக் குளிர் கொல்லும், மலை ஏரியில் கோடையிலும்கூட. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த போர்வையில் தலையோடு சுற்றி, தரைக் குளிர் ஏறாமல் அடியில் எதையாவது விரித்து உட்கார வையுங்கள். நடுங்கியவர் நடுக்கம் நின்று உளறத் தொடங்கினால் அது முன்னேற்றம் அல்ல, நிலை மோசமாகிறது. மது கொடுக்காதீர்கள்.

பின்னதிர்வுகள் வந்துகொண்டே இருக்கும். முதல் நாளில் அடிக்கடி, பிறகு நாளாக நாளாக அருகும். பொதுவாக அவற்றில் பெரியது முதன்மை அதிர்வைவிட ஏறக்குறைய ஒரு புள்ளி குறைவாக இருக்கும், ஆனால் அதை நம்பிக் கட்டடத்துக்குள் நுழையக் கூடாது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் குலுங்கிய பிறகு, மே 12 அன்று 7.3 அளவில் மீண்டும் குலுங்கியது. முதலில் விரிசல் கண்ட கட்டடம் இரண்டாவதில் விழும்.

கைப்பேசியில் அழைப்புக்குப் பதில் குறுஞ்செய்தி அனுப்புங்கள், நெரிசலான வலையிலும் அது நுழைந்து போகும். வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் "நலம், இந்த இடத்தில், இத்தனை பேர்" என்று அனுப்பி, மற்றவர்களுக்கு அவரைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு சேமிப்பு நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஹெப்கன் ஏரிக்குக் கீழே பள்ளத்தாக்கில் சுமார் 250 பேர் இருபுறமும் வழியடைபட்டு மேட்டு நிலமொன்றில் இரவைக் கழித்தார்கள். மறுநாள் பாராசூட்டில் குதித்த தீயணைப்பு வீரர்கள்தான் அவர்களை முதலில் சென்றடைந்தார்கள். மூன்று நாள் வெளியுதவி இல்லாமல் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

படி 5: தண்ணீர், அணை, வெளியேறும் வழி

ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும், குடிக்க இருக்காது. கழிவுக் குழாய்களும் எரிபொருளும் அதில் கலந்திருக்கலாம். எண்ணெய்ப் படலம் மிதக்கும் நீரைக் கொதிக்க வைத்தாலும் பயனில்லை. ஓடை நீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம். எரிபொருள் இல்லையென்றால் வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீதச் செறிவுள்ள வீட்டு பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு, கலங்கலாக இருந்தால் 4 சொட்டு கலந்து அரை மணி நேரம் காத்திருங்கள். கழிப்பிடத்தைத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே, தள்ளி அமையுங்கள்.

விடுதி அணைக்குக் கீழே இருந்தால், அணை உடைந்துவிட்டதாக வதந்தி கிளம்பாமல் இருக்காது. உண்மையா என்று விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில், அதாவது ஆற்றுப் பள்ளத்துக்கு மேலே, ஏற்கனவே நீங்கள் இருக்க வேண்டும். ஆற்றில் நீர் திடீரென வற்றினால் அதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி: மேலே எங்கோ சரிவு ஆற்றை அடைத்திருக்கிறது. அப்படி உருவாகும் மண் அணைகளில் பல சில நாட்களிலேயே உடைகின்றன. 2008-ல் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு டாங்ஜியாஷான் அடைப்பு ஏரி உடையுமோ என்று அஞ்சி, கீழே இருந்த 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். ஹெப்கனிலும் ராணுவப் பொறியாளர்கள் இரவுபகலாகக் கால்வாய் வெட்டித்தான் புதிய ஏரியின் நீரை வடித்தார்கள். ஆகவே வற்றிய ஆற்றைக் கடந்து குறுக்கு வழியில் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

காரில் வெளியேறுவது பகலில் மட்டும். ஒருவர் முன்னால் நடந்து சாலையைப் பார்க்கட்டும். தார்ப்பரப்பு முழுதாகத் தெரிந்தாலும் அடியில் மண் போயிருக்கலாம், ஓரத்தில் பிறைவடிவ விரிசல் தெரிந்தால் அந்தப் பக்கம் சக்கரத்தை விடக் கூடாது. பாலம் சேரும் இடத்தில் படிபோல் உயர்ந்திருந்தால் திரும்பிவிடுங்கள்.

படி 6: பிந்தைய நாட்கள்

சாமான் எடுக்க அறைக்குப் போகலாமா என்பதுதான் இரண்டாம் நாளின் பெரிய தகராறு. பொறியாளர் பார்த்து அனுமதிக்கும்வரை போகக் கூடாது. பாஸ்போர்ட் போனால் தூதரகத்தில் மாற்று வாங்கலாம். வெளியிலிருந்தபடியே அறையையும் காரையும் நாள், நேரம் தெரியப் படம் எடுத்து வையுங்கள், காப்பீட்டுக்கு உதவும். பயணக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் வாய்ப்பிலேயே தகவல் கொடுங்கள். மருத்துவச் செலவு ரசீதுகளை விடாதீர்கள். கிளம்புமுன் உங்கள் பெயரைக் காணாமல் போனோர் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். இதை மறந்து வீடு போய்ச் சேர்ந்தவருக்காக இடிபாட்டில் ஆட்கள் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

இறந்தவர்களின் உடலால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தில் அவசரமாகப் புதைத்துவிடாதீர்கள். பேரிடரில் காயத்தால் இறந்தவர்களின் உடல் தொற்றைப் பரப்புவது அரிது என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முகம், உடை, நகை தெரியப் படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்து, அதிகாரிகளிடம் ஒப்படையுங்கள். தேடி வரும் உறவினருக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

ஏரி அமைதியாகிவிட்டது போலத் தோன்றும். குளிக்கவோ படகு ஓட்டவோ இறங்காதீர்கள். ஆழம் மாறியிருக்கும், மூழ்கிய மரமும் கம்பியும் கண்ணுக்குத் தெரியாது, தளர்ந்த சரிவு ஒரு மழைக்கே இறங்கிவிடும்.

வீடு திரும்பிய பின்பும் லாரி போனால் திடுக்கிடுவீர்கள், தரை ஆடுவதுபோல் தோன்றும், விளக்கை அணைத்துத் தூங்க முடியாது. இது இயல்பு, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அடங்கும். குழந்தைகள் அதையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினால் தடுக்காதீர்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கமும் வேலையும் கெட்டுக்கொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

விடுதி நடத்துபவர்களுக்கு

விருந்தினர் பதிவேட்டின் நகலொன்று மேட்டில் இருக்கட்டும், அல்லது காவலாளியின் கைப்பேசியில் தினமும் புதுப்பிக்கப்படட்டும். மேட்டில் பூட்டிய பெட்டியொன்றில் போர்வை, குடிநீர், டார்ச், முதலுதவிப் பொருட்கள், பேட்டரி ரேடியோ வையுங்கள். பாதையில் இருட்டிலும் ஒளிரும் அம்புக்குறிகளைப் பதியுங்கள். புதிதாகக் குடில் கட்டும்போது கரை விளிம்பையும் ஓடை முகத்தையும் விட்டுவிட்டு, நிலவியலாளர் காட்டும் இடத்தில் கட்டுங்கள். ஏரிப் படுகையின் பழைய சேறு அதிர்வைப் பல மடங்கு பெருக்கும். 1985-ல் மெக்சிகோ நகரம் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டர் தள்ளி இருந்தும், வற்றிய ஏரியின் மேல் கட்டப்பட்டிருந்ததால்தான் அப்படி நொறுங்கியது. எல்லாவற்றுக்கும் முன்னால், புல்வெளியில் நட்டிருக்கும் அந்தக் கூடுமிடப் பலகை தீ விபத்துக்கு மட்டும் என்று எழுதி, நிலநடுக்கத்துக்கு இன்னொன்றை மேட்டில் நடுங்கள். ஒரு நாள் வேலைதான்.